வீட்டில ஏற்கெனவே ஒரு ரீவி இருக்கு

"எடுக்கிறதுதான் எடுக்கிறியள், பெரிசா எடுங்கோ."

யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் வெள்ளவத்தையில் கேட்டாலும் டெப் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை இதுதான். கடைக்காரர் சொல்வதில் எனக்குக் கோபமில்லை. பெரிசு வித்தால் அவருக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அது அவருடைய வியாபாரம். ஆனால் கூட வந்த மாமாவும் அதையே சொல்கிறார். பெட்டி பிரித்துக் காட்டுகிற யூடியூப் அண்ணாமாரும் அதையே சொல்லுகினம். ஏ.எல். படிக்கிற தம்பிகூட, "சின்னன் எடுத்தா அது ஃபோன் மாதிரித்தானே" எண்டு கேக்கிறான். திரை எவ்வளவு பெரிசோ அவ்வளவு படிப்பு எண்ட மாதிரி ஒரு நம்பிக்கை எங்கட வீடுகளில் உறைந்துபோய்க் கிடக்கிறது.

என்னுடைய கட்சி நேரெதிர். ஏற்கெனவே ஒரு ஃபோன் வைத்திருக்கிற, படிக்கிற, வாசிக்கிற, பஸ்ஸில் திரிகிற ஒரு இளம் ஆளுக்கு, அன்றாடப் பாவனைக்கு எட்டு அங்குலச் சொச்ச டெப்தான் சரி. பதினொரு அங்குலத்தை வாங்கிக்கொண்டு வந்து வையுங்கோ. மூன்று மாதத்தில் அது வீட்டின் இரண்டாவது ரீவி ஆகிவிடும். யாருக்கென்று வாங்கினீர்களோ அவருடைய கையில் அது இருக்காது.

இதை ஒரு கருவிப் பிரியரின் வாய்த்தர்க்கம் என்று நினைக்க வேண்டாம். டெப் எண்ட சொல்லே எங்கட வீடுகளுக்குள் படிப்போடு சேர்ந்துதான் வந்தது. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு இலவச டெப் என்று அரசாங்கமே அறிவித்தது. பிறகு 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டினார்கள். சூம் வகுப்பு வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்திலும் குன்றிலும் ஏறி இருந்த படங்களை எல்லாரும் பகிர்ந்தோம். அந்தக் காலத்தில் காப்பை அடகு வைத்து டெப் எடுத்த வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதுக்குப் பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இறக்குமதியாகிற ஒரு பொருளின் விலைக்கு இதெல்லாம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. எங்கட பெரும்பாலான வீடுகளில் டெப் எண்டது நாலைந்து வருடத்துக்கு ஒருக்கால் நடக்கிற செலவு. பிழைத்தால் திரும்பப் போய் மாத்தி எடுக்கிற கதை இல்லை.

அதனால்தான் அளவைப் பற்றிச் சண்டை பிடிக்கிறேன்.

முதலில் வீட்டைப் பாருங்கள். பதினொரு அங்குல டெப்பை எங்கே வைப்பீர்கள்? அதைக் கையில் பிடித்து அரை மணித்தியாலம் வாசிக்க ஏலாது. மேசை வேண்டும், சாய்த்து நிறுத்துகிற கவர் வேண்டும். தனி மேசையும் தனி அறையும் உள்ள பிள்ளைகள் எங்களில் எத்தனை பேர்? மற்ற வீடுகளில் மேசை எண்டது ஹோலில் உள்ள சாப்பாட்டு மேசைதான். டெப் அங்கே நிற்கும். நின்ற உடனே அது பொதுச்சொத்து. காலமை தம்பிக்குக் கார்ட்டூன் காட்டிச் சாப்பாடு தீத்த அது வேணும். பின்னேரம் அம்மாவின் நாடகம். இரவு ரொறொன்ரோவில் இருந்து சித்தி வட்ஸ்அப்பில் வந்தால் முழுக் குடும்பமும் அதற்கு முன்னால் கதிரை இழுத்துப் போட்டு இருக்கும். திரை பெரிசு, எல்லாருக்கும் வடிவாத் தெரியும். அம்மாவுக்கும் சித்திக்கும் அந்தச் சந்தோசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை "பிள்ளையின்ர படிப்புக்கு" எண்ட கணக்கில் எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, கலைப்பிரிவு. கனடாவில் இருந்து மாமா சூட்கேசில் கொண்டுவந்து கொடுத்த பெரிய டெப் ஒன்று அவளுடைய பெயரில் வீட்டில் இருக்கிறது. பகலில் ஷோகேசில், இரவில் ஹோலில். அவள் தமிழ்ப் பாடக் குறிப்புகளையும் நாவல்களையும் வாசிப்பது அம்மாவின் பழைய, கண்ணாடி வெடித்த ஃபோனில். ஏன் எண்டு கேட்டதுக்கு அவள் சொன்னது: "அதில வாசிச்சா பின்னால நிண்டு எல்லாரும் வாசிக்கினம் அண்ணா."

இந்த ஒரு வசனத்தை எந்த யூடியூப் ஒப்பீட்டிலும் நீங்கள் கேட்க மாட்டீர்கள். பொடியனுக்கு இது அவ்வளவாகத் தைக்காது. அவன் மதிலில் இருந்தும் வாசிப்பான், நண்பன் வீட்டிலும் இருந்து வாசிப்பான். ஒரு பெட்டைப் பிள்ளை ஹோலில் நிறுத்தி வைத்த பதினொரு அங்குலத் திரையில் என்ன வாசிக்க முடியும்? பாடப்புத்தகம் வாசிக்கலாம். தன் உடம்பைப் பற்றி ஒரு கட்டுரை, காதலைப் பற்றி ஒரு நாவல், சாதியைப் பற்றி வீட்டில் வாய்விட முடியாத ஒரு விவாதம், வெளிநாட்டுப் படிப்புக்கான ஒரு விண்ணப்பம், இதெல்லாம்? பெரிய திரை எண்டால் பின்னால் போகிற வாற எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். மடியில் வைத்து, சுவரில் சாய்ந்து, ஒரு கையால் மூடக்கூடிய அளவில் ஒரு திரை இருந்தால் அது அவளுடையது. புத்தகம் அந்த அளவில் செய்யப்பட்டதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புத்தகம் என்றதும் அளவுக்கு வருவோம். கடையில் சொல்லுகிற அங்குலம் மூலையில் இருந்து மூலைக்கு அளந்தது. அந்த எண் ஆளை நன்றாக ஏமாத்தும். 6.7 அங்குல ஃபோனுக்கும் 8.7 அங்குல டெப்புக்கும் இரண்டே அங்குலம்தான் வித்தியாசம் என்று தோன்றும். ஃபோன் ஒடுங்கி நீண்டது, டெப் அகலமானது. பரப்பைக் கணக்குப் பார்த்தால் அந்தச் சின்ன டெப் ஃபோனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தம்பியின் "ஃபோன் மாதிரித்தானே" எண்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

கடைகளில் அதிகம் கண்ணில் படுகிற ஒரு சோடியை எடுப்போம்: 2023 கடைசியில் வந்த சாம்சுங் கலக்ஸி டெப் ஏ9, அதனுடைய அண்ணன் ஏ9 பிளஸ். சின்னதின் திரை 8.7 அங்குலம். அடிமட்டம் வைத்தால் ஏறக்குறைய 113 மில்லிமீற்றர் அகலம், 190 மில்லிமீற்றர் உயரம். 1935இல் இங்கிலாந்தில் தொடங்கின பென்குயின் மலிவுப் பதிப்புப் புத்தகம் 111க்கு 181. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சட்டைப் பையிலும் கைப்பையிலும் போட்டுக்கொண்டு ரயிலில் வாசிக்க என்று செய்த புத்தகத்தின் அளவு அது. எங்கட கிரவுண் சைஸ் தமிழ்ப் புத்தகம் அதைவிடக் கொஞ்சம்தான் அகலம். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டுப் பார்த்தால் எழுத்து அச்சில் இருந்த அதே அளவில் தெரியும். நூலகம் தளத்தில் 2005இல் இருந்து வருடிச் சேர்த்து வைத்திருக்கிற ஈழத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை இறக்கிப் பாருங்கள், சின்ன டெப்பை நிமிர்த்திப் பிடித்தாலே காணும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் தன்னுடைய நூல்களை ஏ4 பிடிஎஃப்பாகவும் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப்பாகவும் தனித்தனியாகக் கொடுக்கிறது. தமிழில் மின்னூல் செய்கிறவர்களே சின்னத் திரையை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள்.

"அதெல்லாம் கதைப்புத்தகம். பாஸ்ட் பேப்பர்?"

சரி, இதுதான் பெரிய டெப் கட்சியின் பலமான ஆயுதம். ரியூசன் சேர் ரெலிகிராமில் போடுகிற நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், கம்பஸ் கட்டுரை எல்லாம் ஏ4. ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலம். சின்ன டெப்பை நிமிர்த்திப் பிடித்து அதில் ஏ4ஐத் திறந்தால் தாள் 54 வீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து ஆறரைப் புள்ளியாகிவிடும். அப்படி வாசித்தால் கண் நோகும், உண்மை. பெரிய டெப் 148 மில்லிமீற்றர் அகலம், அதில் 70 வீதமாகச் சுருங்கும். எட்டரைப் புள்ளி. வாசிக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். சின்ன டெப்பைக் குறுக்காகத் திருப்புங்கள். இப்ப அகலம் 190. ஏ4 தாள் 90 வீத அளவில் தெரியும். பெரிய டெப்பை நிமிர்த்திப் பிடித்தால் தெரிகிற எழுத்தைவிட இது பெரிசு! பக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஒரு தடவையில் தெரியும், விரலால் ஒருக்கால் தள்ள வேண்டும். பெரிசையும் குறுக்காகத் திருப்பலாமே எண்டால் திருப்பலாம். அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் தெரியும், எழுத்துத்தான் அச்சில் இருந்ததைவிடப் பெரிசாக நிற்கும். அச்சில் வந்த எழுத்தே உங்களுக்குக் காணாது எண்டால் அதை எடுங்கோ. மற்றவர்கள் அதற்காக எவ்வளவு காசு கூடக் கொடுக்கிறோம் என்று யோசிக்கலாம்.

இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. வினாத்தாளின் நாலு பக்கமும் வெள்ளை ஓரம் இருக்கும், சிலதில் ஒரு அங்குலம் வரை. ஓரத்தை வெட்டிக் காட்டுகிற பிடிஎஃப் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் அந்த வெள்ளை போய்விடும். அப்படிச் செய்தால் சின்ன டெப்பை நிமிர்த்திப் பிடித்தபடியே 70 வீத அளவுக்கு எழுத்து வரும், அதாவது பெரிசில் ஓரம் வெட்டாமல் வாசிக்கிறவர் காண்கிற அதே அளவு. வாங்குகிற காசில் ஒரு பங்கு வெள்ளைத் தாளைப் பார்க்கத்தான் போகிறது எண்டது எனக்குச் சிரிப்பாயும் இருக்கு, எரிச்சலாயும் இருக்கு.

பழைய ஈழநாடு, சரிநிகர் மாதிரிப் பத்திரிகைகளின் வருடின பக்கம் எண்டால் இரண்டிலும் ஏலாது. பதினொரு அங்குலத்திலும் பெருப்பித்து, தள்ளித் தள்ளித்தான் வாசிக்க வேண்டும். அதுக்கு லப்டொப்பில் இருங்கோ.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சின்னத் திரை கண்ணைக் கெடுக்கும்" எண்டு பெரியவர்கள் சொல்வது எழுத்தின் அளவையும் திரையின் அளவையும் ஒன்றாகக் குழப்புவதால். கண்ணுக்கு வேலை கொடுப்பது எழுத்து எவ்வளவு சின்னன், எவ்வளவு கிட்ட வைத்து, எவ்வளவு நேரம் எண்டதுதான். ஃபோனில் நோட்ஸ் வாசிக்கிற பிள்ளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகிறது. அந்த ஃபோனில் இருந்து விடுபடத்தான் டெப். விடுபடுவதற்கு எட்டு அங்குலச் சொச்சம் காணும்.

பாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனெண்டால் கடையில் அதை மேசையில் வைத்துத்தான் காட்டுகிறார்கள். ஏ9 332 கிராம். ஏ9 பிளஸ் 480 கிராம். அப்பிளிலும் இதே கதைதான்: ஐபாட் மினி 300 கிராமுக்கு உட்பட, சாதாரண ஐபாட் 480க்குக் கிட்ட. பெரிசுக்குக் கவரும் போட்டால் அரைக்கிலோ சீனிப் பக்கெட்டைத் தாண்டிவிடும். ஒரு சீனிப் பக்கெட்டை ஒரு கையில், முகத்துக்கு நேரே, பத்து நிமிசம் பிடித்துப் பாருங்கள். பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள், மூக்கைக் கவனம். பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும்போது மற்றக் கையில் பதினொரு அங்குலத்தை விரித்து வாசிக்கிற ஆளை நான் இதுவரைக்கும் எங்கட மினிபஸ்ஸில் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனால் விடிய விடியப் பயணம். அந்தப் பயணங்களில்தான் நான் கன நாவல்களை முடித்திருக்கிறேன், எல்லாம் சின்னனில்.

சின்ன டெப்பைப் பார்த்துச் சிரிப்பது புதிசில்லை. 2010 ஒக்ரோபரில் ஸ்ரீவ் ஜொப்ஸ் முதலீட்டாளர்களோடு பேசியபோது ஏழு அங்குல டெப்புகளை நக்கலடித்தார். வரும்போதே செத்துத்தான் வரும் என்றார். அதைப் பாவிக்க வேண்டுமெண்டால் விரலைத் தேய்த்துக் கூராக்க மண்கடதாசியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். சபை சிரித்திருக்கும். அவர் இறந்து ஒரு வருடத்தில், 2012 ஒக்ரோபரில், அவருடைய கொம்பனியே 7.9 அங்குல ஐபாட் மினியை வெளியிட்டது. இன்றைக்கு அமெரிக்க விலையில் ஐபாட் மினி 499 டொலரில் தொடங்குகிறது, அதைவிடப் பெரிய சாதாரண ஐபாட் 349 டொலரில் தொடங்குகிறது. சின்னனுக்குக் கூடக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று அந்தக் கொம்பனிக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு மட்டும் இன்னும் 2010ஆம் ஆண்டு நக்கலைத்தான் விற்கிறார்கள்.

அடுத்த பொய் லப்டொப். "பெரிய டெப், ஒரு கீபோர்ட் போட்டா லப்டொப் தேவையில்லை." எங்கட நண்பர்கள் பலர் இந்தக் கதையில் விழுந்திருக்கிறார்கள். கம்பஸில் முதலாம் வருடம் போன உடனே தெரியும். சமூக விஞ்ஞானம் படிக்கிறவருக்கு எஸ்பிஎஸ்எஸ் வேண்டும், பொறியியல்காரருக்கு ஓட்டோகாட் முழுசாக வேண்டும், மற்ற எல்லாருக்கும் அடிக்குறிப்போடு ஐம்பது பக்க அறிக்கை ஒன்று வேர்டில் எழுத வேண்டும். அன்ட்ரொய்ட் டெப்பில் முதல் இரண்டும் ஓடாது, மூன்றாவதை ஓட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பெரிய டெப்புக்கு மேலே கீபோர்ட், அதுக்கு மேலே பேனை, அதுக்கு மேலே நல்ல கவர் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு நல்ல பாவித்த லப்டொப்பின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். சின்னனை எடுத்துவிட்டு மிச்சத்தை அந்தப் பாவித்த லப்டொப்புக்குச் சேர்க்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை.

பேனையைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. பெரிசு எடுத்தால் அதில் எழுதலாம், கணக்குச் செய்யலாம் என்பார்கள். ஏ9 பிளஸ் பதினொரு அங்குலம்தான், ஆனால் சாம்சுங்கின் எஸ் பென் அதில் வேலை செய்யாது. ரப்பர் முனைப் பேனை ஒன்றை வாங்கிக் கீறினால் விரலால் கீறின மாதிரித்தான் வரும். எழுத வேண்டுமெண்டால் எழுதுகிறதுக்கு எண்டே செய்த டெப் வேண்டும். டெப் எஸ்6 லைற் மாதிரி, பேனையோடு வருவது. உள்ளங்கை அளவு பெரிசாக இருந்தால் மட்டும் அது கொப்பி ஆகிவிடாது.

ஆருக்குப் பெரிசு வேண்டும்? படம் கீறுகிறவர்களுக்கு. பிடிஎஃப் மேலே பேனையால் நாள் முழுக்கக் குறிப்பு எழுதுகிற மருத்துவ, பொறியியல் மாணவர்களுக்கு. இசைக் குறிப்புத் தாளைத் தாங்கியில் வைத்து வாசிக்கிறவர்களுக்கு. கண் பார்வை குறைந்த, எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க வேண்டிய எவருக்கும், வயசு என்னவாக இருந்தாலும். இவர்கள் யாரும் இந்தக் கட்டுரையைக் கேட்டு மனதை மாற்ற வேண்டாம். அம்மாவுக்கு நாடகம் பார்க்க எண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாலும் நல்லது, அதை அம்மாவுக்கு எண்டே சொல்லி வாங்கிக் கொடுங்கோ.

என்னுடைய பக்கத்தில் உள்ள ஓட்டையையும் நானே காட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் காட்டுவீர்கள். கொம்பனிகள் சின்ன டெப்பை ஏழைப் பிள்ளை மாதிரி நடத்துகின்றன. ஏ9 திரையில் 1340க்கு 800 புள்ளிகள்தான். ஏ9 பிளஸ்ஸில் 1920க்கு 1200. சின்னத் திரையில் எழுத்துக் கூர்மையாக இருக்க வேண்டும், அதுவும் தமிழில். "ணை"யும் "னை"யும் மங்கலான ஸ்கானில் ஒன்றாகத் தெரிகிற பிரச்சினை எங்களுக்குத்தான் இருக்கிறது. ஆனால் கூர்மையான திரையை அவர்கள் பெரிசுக்குத்தான் கொடுக்கிறார்கள், அல்லது ஐபாட் மினி மாதிரி எங்கட கைக்கு எட்டாத விலைக்கு வைக்கிறார்கள். மலிவு விலையில், நல்ல திரையோடு ஒரு எட்டு அங்குல டெப்பை அன்ட்ரொய்ட் உலகம் செய்யத் தெரியாமல் விடவில்லை. கூகிளின் நெக்ஸஸ் 7 அப்படித்தான் இருந்தது, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 1920க்கு 1200 புள்ளி, ஏழே அங்குலத்தில். அன்றைக்குச் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். "பெரிசா எடுங்கோ" எண்டு எல்லாரும் ஒரே குரலில் சொன்னால் சின்னனை ஒழுங்காகச் செய்ய அவர்களுக்கு என்ன அவசரம்?

ஆகவே சின்னனை எடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. நாலு ஜிபி ரேமுக்குக் கீழே எதையும் தொட வேண்டாம். நூலகத்தில் இருந்து இறக்குகிற முந்நூறு பக்க வருடல் கோப்பு அதைவிடக் குறைந்த ரேமில் பக்கம் திருப்பத் திருப்ப மூச்சு வாங்கும். எட்டு ஜிபி பதிப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட ஏலுமெண்டால் போடுங்கோ. அந்தக் காசு திரையின் அங்குலத்துக்குப் போவதைவிட இங்கே போவது நல்லது. மெமரி காட் போடுகிற இடம் இருக்கா எண்டு பாருங்கோ. கரண்ட் இல்லாமல் பதின்மூன்று மணித்தியாலம் இருந்த 2022 மார்ச்சை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபோனுக்குப் பாவிக்கிற சாதாரண பவர்பாங்கில் சின்ன டெப்பின் பற்றரியை ஒருக்கால் நிரப்பிவிடலாம். பெரிசுக்கு அதே பவர்பாங்க் இழுக்காது. அந்த மாதமே கடதாசி இல்லை எண்டு மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். கடதாசியும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் படித்த பிள்ளைகள் நாங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கட ஃபோனில் ஒரு பாஸ்ட் பேப்பரும் ஒரு பழைய தமிழ் நாவலின் வருடலும் கொண்டு போங்கோ. கடையில் ஓடுகிற மலை, அருவி, மீன் காட்சிகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அந்த மீனை நீங்கள் வீட்டில் பார்க்கப் போவதில்லை. உங்கட இரண்டு கோப்புகளையும் சின்னனில் போட்டுத் திறக்கச் சொல்லுங்கோ. பாஸ்ட் பேப்பரைக் குறுக்காகத் திருப்புங்கோ. நாவலை நிமிர்த்தி ஒரு கையில் பிடித்து நாலு பக்கம் நிண்டபடியே வாசியுங்கோ. பிறகு பெரிசையும் அதே மாதிரி ஒரு கையில், நிண்டபடி. கடைக்காரர் கதிரை எடுத்துப் போட்டால் இருக்க வேண்டாம்.